சலூன் கண்ணாடியில் நான் ஒட்டிய படம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் அதற்குத் தோன்றுகிற நாளில் நலம். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா. போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய், என் போனுக்கு வருவதையெல்லாம் உன் மகள், அந்த வாலுதான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள், நான் பேசினாலோ காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான். நாலு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்று ஒருத்தருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி வைத்துவிட்டேன், நல்ல மனுஷர், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நம் எதிர்க்கடைத் தண்ணீர் கேன்காரர், சின்ன வயதில் மாமா மாமா என்று நீ அவர் வண்டியில் தொற்றிக்கொள்வாயே, அவர் கலங்கல் தண்ணீரை வாளியில் மொள்கிற படம் ஒன்று என் போனுக்கு வந்தது, இதைத்தான் கேனில் அடைத்து விற்கிறார் என்று கீழே எழுதியிருந்தது. வந்த கோபத்தில் அதைப் பெரிதாக அச்செடுத்து சலூன் கண்ணாடியில் ஒட்டினேன். துணி போர்த்தி உட்கார்ந்தவன் வேறு எங்கே பார்ப்பான், ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நிரப்பிய கேன்கள் அவர் கடை வாசலில் அப்படியே கிடந்தன.

வாலுவின் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு வகுப்பு, டீச்சர் செய்தி, விளம்பரம், படம் என்று எதையாவது கொண்டுவந்து இதை யார் செய்தது, எப்போது, எதை வெட்டிவிட்டார்கள் என்று பிள்ளைகளைத் துருவச் சொல்கிறார். ஒன்பதாம் வாய்ப்பாட்டிலேயே தடுக்கி விழுகிறவளுக்குத் துப்பறியும் வேலை எதற்கு என்று நான்தான் குதித்தேன், வகுப்பை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் கையெழுத்து வாங்கியபோது இரண்டாவது கையெழுத்து என்னுடையது. சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ள வந்தவள் படத்தைப் பார்த்ததும், தாத்தா, மாமாவுக்கு மச்சம் இடது கன்னத்துலதானே, இதுல வலது பக்கம் இருக்கேன்னு கேட்டாள். முப்பது வருஷமாக அவரைக் கண்ணாடியில் பார்த்தே சவரம் செய்கிறவனுக்கு அந்தப் படம் அச்சு அசலாகத் தெரிந்ததில் என்ன அதிசயம். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிர்க்கடை வாசலில் நின்ற அவரையே காட்டினாள். யாரோ படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். டீச்சரிடம் கொண்டுபோனாள், இரண்டே நாளில் முழுப் படமும் கிடைத்தது. போன மழையில் அவளுடைய பள்ளிக்கூட முற்றத்தில் தேங்கிய தண்ணீரை அந்த மனுஷர் இன்னும் நாலு பேரோடு இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறார், அவர்களையும் பள்ளிக்கூடத்தையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

கிழித்துப் போட்டேன், கோந்துக் கறை போகவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார், ஆனால் சவரத்துக்கு வருவதில்லை, தாடையில் இரண்டு வெட்டு, தானே செய்துகொள்கிறார் போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறதடா. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம், என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள், அந்த வகுப்பு இருக்கட்டும் என்று எழுந்து சொல்லப்போகிறேன். கையில் கத்தரிக்கோல் இல்லாமல் நாலு பேர் முன்னால் நான் நின்றதே இல்லை.

அதுகூடப் பெரிதில்லை. அந்தப் படத்தை உங்களுக்கு யார் அனுப்பினாங்க தாத்தான்னு தினமும் கேட்கிறாள். மறந்துவிட்டது என்கிறேன், நம்பாமல் பார்க்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாக வந்ததால் தப்பித்தேன், போனிலிருந்து அழித்தும்விட்டேன். மகன் அனுப்பியது பொய்யாகவா இருக்கும் என்று நானும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. மகள் குடிக்கிற தண்ணீராயிற்றே என்று நீ பதறித்தான் அனுப்பியிருப்பாய், உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. ஆனால் அவளிடம் இனி ஒரு பொய் சொல்ல என்னால் முடியாது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது. இது கைக்குக் கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னைக் கேட்காதே, முதலில் அவளைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. அடுத்து, உங்களுக்கு யார் அனுப்பினாங்க அப்பான்னு கேட்பாள், அதற்கும் பதிலோடு வா.

உன் அப்பா