திங்கட்கிழமைப் பாஸ்

சரவணை, யாழ்ப்பாணம்,
24.04.2025

அன்புத் தம்பி ரஜீபனுக்கு,

விசா கிடைத்துவிட்டது! இரண்டு முறை ஏலாது என்று திருப்பி அனுப்பிய ஆட்கள், இந்த முறை எங்கள் மூன்று பேருக்கும் குத்தித் தந்துவிட்டார்கள். கொழும்பில் அந்த அலுவலக வாசலில் பாஸ்போட்டை விரித்துப் பார்த்துவிட்டு நான் அழுதுவிட்டேன். "சனம் பாக்குது, வாருமப்பா" என்று உன் அத்தான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அங்கே நின்றே உனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது நீ ஒன்றும் பேசாமல் இருந்தாய். சந்தோசத்தில் வாயடைத்துப் போனாயாக்கும்.

போனில் கதைத்தால் நீ "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவாய். அதுதான் கடிதமாக எழுதுகிறேன். எங்கள் பெடியன் லவன் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். நீயும் சோம்பல் படாமல் வடிவாக எழுது.

யூன் 6 வெள்ளிக்கிழமை வந்து, 15 ஞாயிறு திரும்பும்படி ரிக்கற் போட்டிருக்கிறோம். பாலர் பாடசாலையில் எனக்கு அதற்கு மேல் லீவு தரமாட்டார்கள். எனக்கு ஈபிள் கோபுரமும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். நிலாந்தினியைப் பார்க்க வேண்டும். நீயும் வதனியும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது இரண்டு வயதில் என் மடியில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. பத்து வயதில் நீங்கள் கூப்பிடும் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு படுத்தவள். என்னை "அம்மா" என்று கூப்பிட்டுத்தான் கதைக்கவே பழகினாள். தை மாதம் அவளுக்குக் கலியாணம் வைக்க யோசிக்கிறோம் என்கிறாய். அதற்குத் திரும்பவும் விசா தருவார்களோ என்னவோ. அதற்கு முன் ஒருமுறை என் கையால் சமைத்துச் சாப்பிடக் கொடுத்துவிட்டு வந்தால் எனக்குக் காணும்.

இப்போது ஒரு விசயம். அங்கே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் எடுக்க வேண்டுமாமே. ஒரு நாள் பாஸ், ஏழு நாளைக்குக் கிழமைப் பாஸ், சுற்றுலாக்காரருக்கு ஒரு பாஸ் என்று லவன் போனைப் பார்த்து வாசிக்கிறான். பதின்மூன்று வயதுக்கு உலகமே விரல் நுனியில். எனக்குத் தலை சுற்றுகிறது. எங்களுக்கு எது நல்லது என்று எழுது.

உன் அக்கா,
ரூபி

சார்செல், பாரிஸ்,
29.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். விசா கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம்.

பாஸ் விசயத்தில் உங்களுக்குக் கிழமைப் பாஸ்தான் நல்லது. அதை எடுத்தால் விமான நிலையத்தில் இருந்து எங்கள் வீடு வரைக்கும், நகரத்துக்குள் எங்கே போனாலும், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பாஸ் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். நாங்கள் வாங்கும் நாளில் இருந்து ஏழு நாள் என்று இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் அந்தக் கிழமைக்குப் பாஸ் விற்கவே மாட்டார்கள். மூன்று நாளும் ஒவ்வொரு ரிக்கற்றாக எடுத்து அலைய வேண்டும்.

அதனால் திங்கட்கிழமை, 9ஆம் திகதி, வந்து இறங்கும்படி மாற்றிவிடுங்கள். பாஸும் அன்றைக்கே தொடங்கும், நீங்கள் திரும்பும் ஞாயிறோடு முடியும். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். அத்தானையும் லவனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
ரஜீபன்

சரவணை,
05.05.2025

அன்புத் தம்பிக்கு,

உனக்கென்ன விசரோ? ஒரு ரயில் பாஸுக்காக மூன்று நாளை வெட்டச் சொல்கிறாய். எனக்கு இருக்கிறதே பத்து நாள். பிள்ளையோடு மூன்று நாள் குறைய இருக்கிறதென்றால் அது எனக்குச் சின்ன விசயமில்லை, பார்.

லவன் சொல்கிறான், சுற்றுலாப் பாஸ் என்றால் எந்த நாளிலும் தொடங்கலாமாம், ஐந்து நாளைக்கும் இருக்கிறதாம். முதலில் அதை எடுத்துவிட்டு, பிறகு நீ சொல்கிற பாஸை எடுத்தால் என்ன? இல்லாவிட்டால் வெள்ளி, சனி, ஞாயிறு நாங்கள் உன் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை. நான் குசினிக்குள் நிற்கிறேன், அத்தான் படுத்துக் கிடப்பார். வீட்டுக்குள் இருக்கப் பாஸ் கேட்பார்களோ?

நீ சின்ன வயதில் இருந்தே இப்படித்தான், ஒரு ஒழுங்கு போட்டால் அதை விடமாட்டாய். நல்ல பிள்ளையாக யோசித்துப் பார்.

உன் அக்கா,
ரூபி

சார்செல்,
09.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதேங்கோ. சுற்றுலாப் பாஸ் கோபுரம் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு. நமக்கு அது கட்டாது.

பாஸ் மட்டும் இல்லை அக்கா. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்கு வேலை. வதனிக்கும் வேலை. நிலாவுக்கு அந்த நாட்களில் வேலையிடத்தில் ஏதோ பயிற்சி, வெளியூருக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் பூட்டின வீட்டுக்குள்தான் இருப்பீர்கள். திங்கட்கிழமை இங்கே வேதக்காரரின் பெருநாள், எல்லோருக்கும் லீவு. நிலாவையும் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வருகிறேன். திங்கள்தான் தனக்கும் வசதி என்று அவளும் சொல்கிறாள்.

கிழமைப் பாஸுக்கு ஆளுக்கொரு சின்னப் படம் ஒட்ட வேண்டும். மூன்று பேரின் படத்தையும் அனுப்புங்கள். நானே எடுத்து வைக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
ரஜீபன்

சரவணை,
14.05.2025

அன்புத் தம்பிக்கு,

சரி, சரி, உன் வழிக்கே வந்துவிட்டேன். நிலா திங்கள் என்றால் திங்கள்தான். அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இவ்வளவு இழுபறி வந்திருக்காது. ரிக்கற்றை மாற்றியாகிவிட்டது.

வேலணையில் படம் எடுத்தோம். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ" என்றான் அந்தப் பெடியன். உன் அத்தான், "வேண்டாமடா தம்பி, ரயிலில ஆக்கள் பயந்திடுவினம்" என்றார். இவ்வளவு வயதாகியும் அந்த மனிசனுக்கு நக்கல் போகவில்லை. மூன்று படமும் லவன் அனுப்பியிருப்பான். அவன் இப்போது உங்கள் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லித் திரிகிறான்.

ஒடியல் மாவும் மிளகாய்த் தூளும் இடித்து வைத்திருக்கிறேன். நிலாவுக்கு வேறு என்ன ஆசை என்று கேட்டு எழுது. இந்தக் கொஞ்ச நாளாக அவள் எனக்குப் போன் எடுப்பதில்லை. நான் எடுத்தாலும் "வேலை மாமி, பேந்து கதைக்கிறன்" என்கிறாள். பிள்ளையை வேலையில் இப்படிப் பிழிகிறார்களே, அங்கே கேட்க ஆளில்லையோ?

உன் அக்கா,
ரூபி

சரவணை,
31.05.2025

ரஜீபனுக்கு,

இந்தக் கடிதத்தை லவனிடம் கொடுக்கவில்லை. நானே படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்துக் கோணலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று யாழ்ப்பாணத்தில் சூட்கேஸ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் கரம்பொன் மரியநாயகி அக்கா வந்து இருந்தா. அவவின் மகள் மேரிசுகந்தி அங்கே பாரிசில் கலியாணப் பொம்பிளைகளைச் சோடிக்கிறவள், உனக்குத் தெரியும்.

"என்ன ரூபி, நீர் இன்னும் போகேல்லையே? எட்டாந் திகதியெல்லே கலியாணம்?" என்று கேட்டா.

"ஆற்ற கலியாணம், அக்கா?"

"உம்மட மருமகளின்ர! என்ர மகள்தானே பொம்பிளை சோடிக்கிறாள். நானூறு பேராம், பெரிய மண்டபமாம். நீர் வளத்த பிள்ளையெல்லோ, முதல் ஆளா நிப்பீர் எண்டு நினைச்சன்."

நான் சிரித்தேன். "ஓம் அக்கா, போகத்தான் போறம், அதுதான் சூட்கேஸ் வாங்கினனான்" என்று சொன்னேன். என் தம்பி ஊர்வாயில் விழக்கூடாது என்று உனக்காக ஒரு பொய் சொன்னேன். வங்களாவடிச் சந்தியில் இறங்கவேண்டிய நான் இறங்க மறந்து ஊர்காவற்றுறை வரைக்கும் போய்த் திரும்பினேன்.

எட்டாம் திகதி ஞாயிறு. எங்களை வரச் சொன்னது ஒன்பதாம் திகதி திங்கள். மணவறையைக் கழற்றி, பாத்திரம் கழுவி முடிய நாங்கள் வந்து இறங்க வேண்டும், அப்படித்தானே?

எடே, வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அழுதிருப்பேன், உன்னை ஏசியிருப்பேன், பிறகு ஆறியிருப்பேன். நீ பாஸ் கணக்குச் சொன்னாய். அது திங்களில் தொடங்குவது உண்மைதான், லவனும் பார்த்தான். உண்மையை வைத்தே ஒரு ஆளை ஏமாற்ற எங்கே பழகினாய்? படம் அனுப்பு என்றாய். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன். நினைக்க நினைக்க உடம்பு எரிகிறது. நீ எனக்குத் துரோகம் செய்துபோட்டாய், ரஜீபன்.

இது வதனியின் வேலை என்று எனக்குத் தெரியும். பிள்ளை என்னோடு ஒட்டு என்று அவளுக்கு எப்போதும் ஒரு எரிச்சல். நிலாவுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். நான் அவளுக்குப் போன் எடுக்கமுதல் நீயே அவளிடம் உண்மையைச் சொல்லு. வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறோம். உன் பாஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மண்டபத்துக்கு நடந்து வருவேன்.

சிவரூபி

சார்செல்,
01.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், நிலாவுக்குப் போன் எடுக்காதேங்கோ. திங்கட்கிழமை என்று சொன்னது நிலாதான்.

கலியாண நாள் மாசியிலேயே வைத்தாகிவிட்டது. உங்களுக்கு இந்த முறையும் விசா தரமாட்டார்கள் என்றுதான் நாங்கள் இருந்தோம். கலியாணத்துக்கு வர ஏலவில்லை என்று நீங்கள் நோகக்கூடாது என்றுதான் தை மாதக் கதையைச் சொன்னேன். விசா கிடைத்தது என்று பிறகு நீங்கள் போன் எடுத்தீர்கள். அன்றைக்கு வதனி வேலைக்குப் போனபின் நிலாவிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, மாமி வந்து நிண்டால் நான் அவவைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். எனக்குத் தெரியும். அம்மா அதைக் கண்டிடுவா. இஞ்ச வந்து ஒரு வருசமா நான் அம்மாவை அன்ரி எண்டுதான் கூப்பிட்டனான். அவ குசினிக்குள்ள போய் நிண்டு அழுவா. அந்த ஒரு நாளாவது அம்மாவுக்கு முழுசா இருக்கட்டும்."

பாஸ் கதையும் அவள்தான் யோசித்துச் சொன்னாள். நான் எழுதினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

வதனிக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு முந்தி வர ரிக்கற் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். "அக்கா இல்லாமல் என்ன கலியாணம், நாளை மாத்த ஏலாதோ?" என்று என்னோடு சண்டை பிடித்தாள். உங்களுக்கு எடுத்த பட்டுச் சேலை அலுமாரியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமையே வாருங்கள். ரிக்கற்றை நான் மாற்றித் தருகிறேன். நிலாவுக்கு நான் பதில் சொல்கிறேன்.

தம்பி,
ரஜீபன்

சரவணை,
05.06.2025

ரஜீபனுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானும் வாசித்தார். இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

வதனியை ஏசிப்போட்டேன். அவளுக்கு அது தெரியவேண்டாம், ஆனால் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று உன் மனதில் வைத்துக்கொள்.

நிலா சொன்னது பொய்யில்லை. நான் வந்து நின்றால் அவள் என்னைத்தான் பார்ப்பாள். அதை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. அப்படி வந்ததை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. தாய்க்கு ஒரு நாளைக் கொடுக்க நினைத்த பிள்ளையில் நான் என்ன பிழை சொல்ல?

ஆனால் ஒன்று கேட்கிறேன். "மாமி, இந்த ஒரு நாள் வராதேங்கோ" என்று அவள் என்னிடம் கேட்டிருக்கக்கூடாதா? "சரி மோளே, வரேல்லை" என்றிருப்பேன். ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டேன். அவள் கேட்டு நான் இல்லையென்ற ஒன்று உண்டோ? பொய் சொல்லித்தான் என்னை நிறுத்தவேண்டும் என்று நினைத்துவிட்டாளே. எட்டு வருசம் வளர்த்தும் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாங்கள் வரவில்லை. பொம்பிளையே என்னை வரவேண்டாம் என்று நினைத்த கலியாணத்தில் போய் நிற்க எனக்குக் கால் வராது. திங்கட்கிழமை அத்தானும் லவனும் வருவார்கள். "நானும் போகேல்லை, எனக்கென்ன அங்க?" என்று அத்தான் நின்றார். நான்தான் விடவில்லை. பெரிய ஆட்களின் சோலிக்குள் லவன் என்ன பிழை செய்தான்? அவனை எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. எனக்கு எடுத்த பாஸில் என் படம் ஒட்டியிருக்கும், வேறு ஒருவருக்கும் உதவாது. எறிந்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை முடியும் மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நிலாவிடம் மூச்சு விடாதே. மணவறையில் அந்தப் பிள்ளையின் முகம் வாடக்கூடாது. இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுதாதே. உன் எழுத்தைப் பார்க்க இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நிலாவையும் விமான நிலையத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேர் மட்டும் வெளியே வருவதைக் கண்டு, "மாமி எங்க?" என்று கேட்பாள். நீ ஒன்றும் சொல்லாதே. அத்தானிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் சொல்லமாட்டார். அவளுக்குத் தானாக விளங்கும். நான் வளர்த்த பிள்ளை, மொக்கி இல்லை.

சிவரூபி