மணிமொழிக்கு இன்னும் பன்னிரண்டு வயதுதான்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பேனாவுக்கு மை ஊற்றினேன். விரலெல்லாம் நீலம். ஐம்பதாவது புத்தகத்தில் இன்று நடந்த வேலை இவ்வளவுதான்.

'நாகமலை நால்வர்' என்ற துப்பறியும் கதை வரிசையைத் தொடங்கியபோது நான் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் படிப்பதற்காக எழுதியது. இதுவரை நாற்பத்தொன்பது. மூன்று பையன்கள், ஒரு பெண், டைகர் என்று ஒரு நாய். பெண்ணின் பெயர் மணிமொழி. முதல் புத்தகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போதும் பன்னிரண்டு. எனக்குத்தான் எழுபத்திரண்டு ஆகிவிட்டது.

பதிப்பாளர் பாண்டிராஜ் போனில்: "அண்ணே, அம்பதாவது புக்கு. புதையல் வைங்க. தங்கமா இருக்கட்டும், செம்பெல்லாம் வேணாம்." அடுத்த ஞாயிறு வாசகர் சந்திப்பு வைத்திருக்கிறாராம். பேச வேண்டுமாம்.

19 ஜனவரி, ஞாயிறு

கே.கே. நகரில் ஒரு சின்ன ஹால். குழந்தைகள் வருவார்கள் என்று மிட்டாய் வாங்கிப் போனேன். வந்தவர்களில் பாதிப்பேருக்கு நரை. மிட்டாயை அவர்களே தின்றார்கள்.

புத்தகத்தில் இன்னும் என்ன இருந்திருக்கலாம் என்று பாண்டிராஜ் மைக்கில் கேட்டார். புதையல் என்று யாராவது சொல்வார்கள் என்பது அவர் நினைப்பு. ஒருவர் எழுந்து, நாற்பத்தொன்பது புத்தகத்தில் ஒரு பிள்ளைகூட ஏன் ஒரு தடவையும் ஒன்றுக்குப் போகவில்லை என்றார். ராத்திரி முழுக்கக் குகையில் கிடக்கும் பிள்ளைகளை எந்த அப்பனும் தேடி வரவில்லையே, குடித்துவிட்டுப் படுத்திருந்தானா என்று இன்னொருவர். யாரும் பரீட்சையில் தோற்கவில்லை. பஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தார்கள்? டைகர் எப்போது சாகும்? "அதச் சாகடிச்சா நான் கேஸ் போடுவேன்" என்று பின்வரிசையில் ஒரு போலீஸ்காரர். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தேன். தலை நிமிராமல் இருக்க அதுதான் வழி.

கடைசியில் ஒரு பெண் எழுந்தார். பெயர் தமிழ்வாணி. ஆனையூரில் கால்நடை மருத்துவர். சொந்த ஊர் மேலூர் பக்கம் ஒரு கிராமம்.

"ஆறாப்பு லீவுல நான் வயசுக்கு வந்தேன் சார். அம்மா களையெடுக்கப் போயிருந்துச்சு. சாயங்காலம் ஓலையில குச்சு கட்டி உள்ள உக்கார வச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துல வாங்கின உங்க புக்கு இருந்துச்சு. மணிமொழிக்கும் எங்கயாச்சும் வந்திருக்கும், அவ என்ன பண்ணான்னு பாப்போம்னு திருப்பித் திருப்பிப் படிச்சேன். அவ பாட்டுக்கு மலை உச்சியில கடத்தல்காரன் காலை வாரிக்கிட்டு இருக்கா. எனக்கு கொல்லைப்பக்கம் போகவே தொணைக்கு ஆள் வேணும்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "எம்புட்டு வருசமா பன்னெண்டுலயே நிக்கிறா? எப்பத்தான் சார் அவளுக்கு வரும்?" என்றார்.

டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலி. இருந்தாலும் குடித்தேன்.

20 ஜனவரி

முடியாது. நான் ஆண்பிள்ளை, கிழவன், போதாக்குறைக்குப் பயந்தவன். முடியவே முடியாது.

23 ஜனவரி

தமிழ்வாணி 'இதை எழுதுங்க' என்று ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனாலும் அவர் கேட்டது அதுதானே?

3 பிப்ரவரி, திங்கள்

எழுதுவதென்றால் முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பழகிய புத்தி. கண்ணுச்சாமியின் மருந்துக்கடைக்குப் போனேன். பஞ்சு நாப்கின் பாக்கெட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. கேட்கப் போகும்போது ஒருவர் வந்தார். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடி போனேன். இரண்டு பெண்கள். மறுபடி இருமல் மிட்டாய். மூன்றாம் முறை கண்ணுச்சாமியே கேட்டார்: "சார், டாக்டரப் பாத்துருங்களேன். நெஞ்சுச்சளியா இருக்கப் போகுது."

வீட்டில் என் மனைவி அலர்மேல்மங்கை மிட்டாய்க் குவியலைப் பார்த்து விசாரித்தாள். சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே தமிழில் எழுதுகிறேன், திட்டு கொஞ்சம் மென்மையாகிறது. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினீங்க. ஒரு தடவை வாங்கிட்டு வந்திருக்கீங்களா? இப்ப மணிமொழிக்காகக் கடைக்கு நடக்கிறீங்க!"

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆறாம் அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். மணிமொழி வயதுக்கு வருகிறாள். பிறகு மண்டபத்தில் சடங்கு. மேளம், தாய்மாமன் சீர், தட்டுகளின் வரிசை, பஸ் நீளத்துக்கு ப்ளெக்ஸ், அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமன்கள், நடுவில் கிரீடம் வைத்த மணிமொழி. பந்தியில் என்னென்ன என்பதுகூட விடாமல் எழுதினேன். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியது.

மங்கை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"மண்டபம் பிரமாதம். பாயசம்கூட இருக்கு."

"சரி?"

"பொண்ணு எங்கே?"

திருப்பிப் பார்த்தேன். கிரீடம் இருக்கிறது, பட்டுப்புடவை இருக்கிறது. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

பாண்டிராஜுக்கு அந்த அத்தியாயம் மிகவும் பிடித்திருக்கிறது. "செம அண்ணே! குடும்பக் கதையாயிருச்சு. மாமனுக்கு இன்னும் ரெண்டு டயலாக் போடுங்க."

அவருக்குப் பிடித்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

23 பிப்ரவரி, ஞாயிறு

தமிழ்வாணி வீட்டுக்குப் போனோம். மங்கையையும் அழைத்துப் போனேன், தைரியத்துக்கு. கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வியைப் படிக்காமலே தாளை மடித்தேன்.

"கேளுங்க சார். நான் மாட்டுக்குப் பிரசவம் பாக்குறவ. எங்கிட்ட என்ன கூச்சம்?"

அன்றைக்கு எதற்கு அதிகம் பயந்தீர்கள் என்றேன். வலி என்று சொல்வார், அதைக் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"செத்துப் போயிருவேன்னு நெனச்சேன். ரத்தம்ல? அப்பறம் மாமன் வந்தாரு, மைக் செட்டு வந்துச்சு, கறிச்சோறு ஆக்குனாங்க. செத்தவளுக்கு ஏன் பாட்டுப் போடுறாங்கன்னு வேற கொழப்பம். ஊருக்கெல்லாம் சொன்னாங்க சார். எங்கிட்ட மட்டும் யாரும் அது என்னன்னு சொல்லல."

திரும்பும் வழியில் பஸ்ஸில் மங்கை டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டயும் சொல்லல" என்றாள்.

ஊர் பூராவும் ப்ளெக்ஸ் வைத்துச் சொல்கிற சங்கதி. சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் ரகசியம். இது என்ன ஏற்பாடு?

9 மார்ச், ஞாயிறு

பழையதைக் கிழித்தேன். புது ஆறாம் அத்தியாயத்தில் மணிமொழி மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். அட்டை கடித்துவிட்டது என்று நினைக்கிறாள். தேடுகிறாள், அட்டை இல்லை. நால்வரில் ஒருவனான குண்டன் கோபு தன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். அவனுக்கும் ஒன்றும் தெரியாது. கீழே வந்து அம்மாவிடம், "மேளத்த அப்பறம் வையி. இது என்னன்னு மொதல்ல சொல்லு" என்கிறாள். அம்மா சொல்கிறாள். ஒரு பக்கம். நேராக.

அந்த ஒரு பக்கம் முதலில் நான்கு பக்கமாக இருந்தது. நாளமில்லாச் சுரப்பிகளை எல்லாம் மங்கை அடித்துவிட்டாள். "அம்மா பேசுறாளா, லெக்சரர் பேசுறாரா?"

14 மார்ச், வெள்ளி

கோரிப்பாளையத்தில் பாண்டிராஜின் அலுவலகம். தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார், காற்றில் யாராவது படித்துவிடுவார்கள் என்பது போல.

"என்னண்ணே இது! ஸ்கூல் லைப்ரரிக்குப் போற புக்குல ரத்தம், துணின்னு..."

"நாலாவது புத்தகத்தில் ஒருவனைக் கத்தியால் குத்தினோமே. அதிலும் ரத்தம் வந்தது."

இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். படி இறங்கும்போதுதான் தோன்றியது. அங்கே நான் சொன்னது "ம்."

"போன தடவை எம்புட்டு அழகா மண்டபம் வச்சிருந்தீங்க! அதையே போடுங்க. இல்லையா, ஆறத் தூக்கிருங்க. அஞ்சுக்கு அப்பறம் ஏழு. எந்தப் பிள்ளைக்குத் தெரியப் போகுது?"

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

15 மார்ச்

மங்கையிடம் சொன்னேன். அவள் இருமல் மிட்டாய் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

30 மார்ச், ஞாயிறு

எதிர்த்துப் பேச எனக்கு வராது. கதைக்கு முடிச்சுப் போட வரும்.

இந்தப் புத்தகத்தில் கோயிலிலிருந்து திருட்டுப்போவது ஒரு வெண்கல மயில். திருடனைப் பத்தாம் அத்தியாயத்தில் சுடுகாட்டில் பிடிப்பதாக இருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது மணிமொழி குச்சில் உட்கார்ந்திருக்கிறாள். அலுப்பில் ஓலை இடுக்கு வழியாக வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் தெரியாத ஒரு மாமன், கறுப்புக் கண்ணாடி, கையில் சீர்த்தட்டு. மற்ற தட்டுகளை அத்தைமார்கள் ஒரு கையில் தூக்கி வருகிறார்கள். இவனுக்கு மட்டும் வாழைப்பழத் தட்டு கையை இழுக்கிறது. பழத்துக்கு அடியில் மயில். போலீஸ் தேடாத ஒரே இடம் சடங்கு வீடு. திருடனைக் காட்டிக்கொடுப்பது குச்சில் இருக்கிற பெண்.

ஆறை எடுத்தால் இனித் திருடன் அகப்படமாட்டான்.

4 ஏப்ரல், வெள்ளி

மாற்றியதைப் படித்துவிட்டுப் பாண்டிராஜ் போன் செய்தார்.

"அண்ணே, நீங்க பயந்த ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"பயந்த ஆள்தான். அதனால்தான் பூட்டுப் போட்டேன்."

"சித்திரைத் திருவிழா முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கிறார் என்றால் போடமாட்டார் என்று அர்த்தம். இத்தனை வருடப் பழக்கம்.

27 ஏப்ரல், ஞாயிறு

மகன் ராஜேஷ்குமார் கோயம்புத்தூரிலிருந்து வந்து காவ்யஸ்ரீயை விட்டுப் போனான். பள்ளி லீவு முடியும்வரை பேத்தி எங்களோடு. பதினொன்று முடிந்து பன்னிரண்டு. என் புத்தகங்களைப் பற்றி அவள் கருத்து: "தாத்தா, அந்த நாய் மட்டும் ஓகே."

2 மே

மேஜைமேல் இருந்த தாள்கட்டு கலைந்திருக்கிறது. மாம்பழக் கை பட்டிருக்கிறது. ஆறாம் அத்தியாயத்திலும். தாள்களை அடுக்கி அதே இடத்தில் வைத்தேன்.

12 மே, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார். மங்கை விடியுமுன்னே கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள். போன் எடுத்துப் போனாள். அந்தக் கூட்டத்தில் அடித்தால் யாருக்குக் கேட்கும்? வீட்டில் நானும் காவ்யாவும்தான். டிவியில் அழகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் அவர் கட்டியிருப்பது பச்சைப் பட்டா சிவப்பா என்று பார்ப்பதற்குள் அவள் கதவருகே வந்து நின்றாள்.

"தாத்தா."

"என்னம்மா?"

"ஆறாம் அத்தியாயம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுத்துப்பிழை ஏதும் பார்த்தாளோ என்று கண்ணாடியைத் தேடினேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. கொஞ்சம் எரிச்சல் இருந்தது, இவருக்கு இன்னுமா புரியவில்லை என்பது மாதிரி.

"பாட்டி எப்ப வரும்னு தெரியல. கடைக்குப் போறீங்களா? இல்ல நானே போகட்டுமா?"

நான் போனேன். தெரு திரும்பியபிறகுதான் காலில் கல் குத்தியது. செருப்பு இல்லை. பாதிக் கடைகள் பூட்டு. கண்ணுச்சாமி கடை திறந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் கை தானாக இருமல் மிட்டாய் டப்பாவுக்குப் போனது.

"அது வேண்டாம். நாப்கின்." சொன்னது நான்தான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மோர்ப் பந்தலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணுச்சாமி பாக்கெட்டை எடுத்து, வழக்கம்போல நியூஸ்பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புப் பைக்குள் போடப் போனார்.

"சுத்த வேண்டாம். அப்படியே குடுங்க."

"சார், ரோட்டுல..."

"குடுங்கய்யா!"

யாரையும் இப்படி அதட்டியதாக நினைவில்லை. உடனே ஒரு "மன்னிச்சுக்குங்க" சொன்னேன். பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த மாடிவீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார், "அழகர் இறங்கிட்டாரா சார்?" என்றார். இறங்கிட்டார் என்றேன்.

மங்கை மத்தியானம் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. சட்டென்று மகனுக்குப் போன் போடப் போனாள், மண்டபம் விசாரிக்க. காவ்யா சோபாவில் படுத்தபடியே சொன்னாள்: "ப்ளெக்ஸ் வச்சீங்கன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்."

பேரம் நடந்தது. மேளம் இல்லை, கிரீடம் இல்லை. பாயசம் உண்டு.

14 மே, புதன்

காவ்யா தாள்கட்டோடு வந்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு தாத்தா. மணிமொழி மறுநாளே குச்சுலேருந்து நழுவி மறுபடி மலை ஏறுறா. அதெல்லாம் சும்மா. வயித்த வலிக்கும். ரெண்டு நாள் படுத்துக்கிட்டு டிவி பாக்கணும். அப்பறம் ஏறட்டும்."

யோசித்தேன். சரிதான். பாண்டிராஜை நானே கூப்பிட்டேன். நானாக அவரைக் கூப்பிடுவது அபூர்வம்.

"ஆறில் ஒரு திருத்தம்."

"தூக்குறீங்களாண்ணே?" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இல்லை. மணிமொழி ரெண்டு நாள் டிவி பார்க்கிறாள்."

அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அந்தப் பக்கம் அவர் கத்துவது கேட்டது.

"அண்ணே."

"சொல்லுங்க."

"என்ன சேனல்?"