பாப்பா ரூமில் தையல் மெஷின்

ஏங்க,

நூல் வாங்கக் கடைவீதிக்குப் போறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல.

மாடி வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சர் ஜன்னல் திரைக்குத் துணி கொண்டு வருவாங்க. நம்ம தையலுக்கு வர்ற முதல் பெரிய வேலை. வாசல்லயே வாங்கிட்டு அனுப்பிடாதீங்க. பாப்பா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் மேசை மேல வைக்கச் சொல்லுங்க. அவ போனதுலேருந்து நீங்க அந்த ரூமுக்குள்ள கால் வைக்கலைன்னு தெரியும். கட்டிலை மட்டும்தான் எடுத்தேன். அவ படிச்ச மேசையிலதான் துணி வெட்டுறேன்.

"பொண்ணு ரூமைக் கடையாக்கிட்டியே"ன்னு கேட்டீங்க. பூட்டின கதவையே பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியலங்க. மெஷின் ஓடுறப்போ அந்த ரூமுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு.

சாவியை ஆணியில மாட்டியிருக்கேன்.

இன்னொண்ணு. நேத்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவங்க, "எத்தனை பிள்ளைங்க?"ன்னு கேட்டப்போ, "யாரும் இல்லை"ன்னுட்டீங்க. அதான் நான் அப்புறம் முகம் கொடுத்துப் பேசல. கோபமில்லை, அவ பிறக்கவே இல்லைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. டீச்சரும் கேட்பாங்க. "ஒரே பொண்ணு, போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா"ன்னு சொல்லுங்க. அழுகை வந்தா வரட்டும்.

அவ பேரையும் சொல்லுங்க. உங்க வாயால அதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. நான் வந்ததும் என்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க.