தென்கரையில் வளைந்த எல்லை

மழை பருவம் பிழையாது பெய்க. மதகுகள் முறை பிழையாது திறக்க. வெள்ளாங்கை ஆற்றின் இருகரைக் குடிகளும் ஒருவரை ஒருவர் அஞ்சாது உறங்குக.

தென்கரை மண்டலம் காக்கும் நாயகியும், துறையணியின் நண்டுக்கொடி தாங்குபவளும், குடத்தில் இட்ட ஓலையால் குடிகள் தெரிந்தெடுத்தவளுமாகிய அல்லியங்கோதை, தலைநகராம் பொன்மேட்டில் துறையணிக்குத் தலைமை பூண்டு வீற்றிருக்கும் பேரமைச்சரும், என் அன்னையின் தமையனாருமாகிய நெடுங்குன்ற ஏனாதி அம்மானடிகளின் திருமுன்பு பணிந்து விடுக்கும் ஓலை இது.

தங்கள் முழங்கால் வலி தணிந்தது என்று தூதுவர் கூறக் கேட்டு மகிழ்ந்தேன். அரண்மனை மருத்துவர் தம் எண்ணெயே அதற்குக் காரணம் என்று பெருமை பேசுகின்றாராம். குடிகள் ஓலையிடும் குடத்திருநாள் நெருங்கினால் தங்களுக்கு எந்த வலியும் தானே மறந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாது போலும்.

தாங்கள் விடுத்த ஓலையும், அதனோடு பட்டுத்துணியில் தீட்டி அனுப்பிய எல்லைப் படமும் பழுதின்றி வந்து சேர்ந்தன. வடகரை மண்டலத்தை ஆளும் ஏரியணியார் தம் வட்டகைகளின் எல்லைகளை மாற்றி, நம் அணிக்கே ஓலையிடும் நெசவுத் தெருக்களையும் உப்பளக் குடிகளையும் ஒரே வட்டகைக்குள் அடைத்துவிட்டனர் என்றும், வட்டகைக்கு ஒருவர் வீதம் பேரவைக்குச் செல்லும் நம் நாட்டில் இனி அங்கிருந்து நம்மவர் ஒருவரே வர இயலும் என்றும், ஆதலால் நம் கையில் உள்ள தென்கரையில் நாமும் அவ்வாறே வளைத்து இழந்ததை ஈடு செய்துகொள்ள வேண்டும் என்றும் பணித்திருந்தீர்கள். அப்பணி என்னவாயிற்று என்பதைத் தெரிவிக்கவே இவ்வோலை.

வடகரையார் செய்தது களவு. இதைச் சொல்ல எனக்கு நாக் கூசவில்லை. அரண்மனைப் பெண்யானை நடந்த வழியே எல்லை என்பதும், அதன் பின்னே இருபுறத்துக் குடிகளும் நடந்து, அது அடி வைத்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டாலன்றி எல்லை நிலைத்து நில்லாது என்பதும் நம் நாட்டின் பழைய முறை. யானையால் சந்துபொந்துகளில் நுழைய முடியாது, ஆகவே எல்லையும் நேராகவே அமையும் என்று முன்னோர் நம்பியிருப்பார்கள் போலும். வடகரையாரோ சந்துகளின் சுவர்களை இடித்து வழி செய்து, முன்னால் ஒருவன் கரும்பை நீட்டிக்கொண்டு போக, யானையை அழைத்துச் சென்றனர். யானைக்கு அணி ஏது? கரும்பு போன பக்கம் அதுவும் போயிற்று. ஓரிடத்தில் தன் அடிச்சுவட்டையே அது திரும்பவும் மிதித்தது என்றும், பின்னால் நடந்த குடிகள் தலையில் அடித்துக்கொண்டனர் என்றும் நம் ஒற்றர் எழுதியிருக்கின்றார்.

வரும் பேரவை எதைத் தீர்மானிக்க இருக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் ஓலையில் இருக்கட்டும். தலைமதகின் முறைநீர் அங்கேதான் முடிவாகும். தாம் வென்றால் கோடையில் தென்வாய்க்காலை அடைப்போம் என்று ஏரியணியார் ஒளிவுமறைவின்றிப் பேசி வருகின்றனர். அடைத்தால் நம் கடைமடை ஊர்களில் அவ்வாண்டு நடவு இல்லை.

இவ்வளவும் அறிந்திருந்தும், தங்கள் ஆணைக்கு நான் முதலில் எழுதியது மறுப்போலை. களவுக்குக் களவு மருந்தாகாது என்றும், துறையணியின் புகழ் அதன் நேர்மையில் இருக்கிறது என்றும், இன்னும் பலவாறும் அதில் அள்ளி விட்டிருந்தேன். எழுதி முடித்து ஒருமுறை படித்தபோது எனக்கே என்மேல் பெருமிதம் உண்டாயிற்று. அந்தப் பெருமிதம் ஆறுவதற்குள், கடைமடையின் கடைசி ஊராகிய சங்கேந்தலுக்குச் சென்று என் முடிவை அவர்களிடம் நானே சொல்லிவிடுவோம் என்று புறப்பட்டேன்.

அவ்வூர்க் குடித்தலைவி நீலியாத்தாள் முறத்தில் பதர் புடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, வடக்கே திருடினார்கள், தாங்கள் திருட மாட்டீர்கள், அது தங்கள் பெருமை, அந்தப் பெருமையை உலையில் போட்டால் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறாகுமா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, முறத்தையும் கீழே வைக்கவில்லை. தாங்கள் இவ்வளவு நல்லவராக இருப்பதற்கு எங்கள் வயல்தானா அகப்பட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். மறுப்போலையை அவ்வூரிலேயே ஓர் அடுப்பில் இட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்து, தங்கள் படத்தின்படி யானையை நடத்தினேன். மற்றவர் நடக்க நான் மாளிகையில் அமர்ந்திருப்பது தகாது என்று தோன்றியதால் நானே பின்னால் நடந்தேன். பிற ஊர்களைப் பற்றி எழுதி ஓலையை வீணாக்க மாட்டேன். ஆலங்காலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஆலங்கால் நம் மண்டலத்தில் இருந்தும் நம்மை நம்பாத ஊர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே குடத்தில் விழும் ஓலையெல்லாம் ஏரியணிக்கே விழும். தங்கள் படம் அவ்வூரை மூன்றாக அறுத்து, நம்மவர் மிகுந்த மூன்று வட்டகைகளில் ஒவ்வொரு துண்டாகக் கரைத்துவிடுகிறது. கல்லெறிவார்கள் என்று எண்ணிக் காவலரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். ஒருவரும் கல்லெடுக்கவில்லை. முறைப்படி யானைக்கு நீர் வைத்தார்கள். குயவர் தெருவில் யானை நுழைய இடமில்லாமல் ஒரு சூளைச் சுவரை இடிக்க நேர்ந்தபோது, அச்சுவருக்கு உரியவரே வந்து, தாமே இடித்துத் தருவதாகவும் காவலர் இடித்தால் அடுக்கி வைத்த பானைகள் உடையும் என்றும் கூறினார்.

ஊர் ஏரியின் கரை ஒரு வட்டகையிலும், அதன் மதகு வேறொரு வட்டகையிலும் விழுந்தன. வட்டகையார்தானே கூடி மராமத்துச் செய்வது வழக்கம், இனி கரைக்கு மண் சுமப்பவர் யார், மதகுக்குப் பலகை போடுபவர் யார் என்று சிலர் வினவினர். படத்தை விரித்துப் பார்த்தேன். பட்டு மிக உயர்ந்த பட்டு. அதில் அந்த ஏரியே இல்லை.

ஊராளி வேம்பங்கோன் கடைசியில் பேசினார். ஏரியணிக்காகக் குடத்துக்கு மும்முறை நின்று நம்மிடம் மும்முறையும் சில ஓலைகளிலேயே தோற்றவர் அவர். ஒவ்வொரு முறையும் என் ஓலைகளை எண்ணிப் பார்த்தே என்னைத் தோற்கடித்தீர்கள், அதனால் வீடு சென்று நிம்மதியாக உறங்கினேன், இம்முறை எண்ணுவதற்கு முன்பே தோற்கடிக்கிறீர்கள் என்றார். வடகரையில் உங்கள் அணியினர் செய்ததற்கு இது பதில் என்று நான் கூறினேன். வடகரையை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை, அவர்கள் தவறுக்கு என் தெருவை ஏன் அறுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

நம் அவையோர் இதற்கெல்லாம், இந்த ஒரு முறை மட்டுந்தானே என்று விடை கூறுவர். அம்மானடிகளே, வடகரையாரும் இந்த ஒரு முறை மட்டும் என்றே தொடங்கினர். அவர்கள் காட்டிய காரணம், தங்கள் தந்தையார் காலத்தில் துறையணியார் நம் மண்டலத்து மணற்குடியில் செய்த ஒரு வளைவு. அப்படி ஒன்றும் இல்லை என்று மறுக்கலாம் என்றெண்ணி நேரில் சென்று பார்த்தேன். கல் நிற்கிறது, கள்ளி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. அதுவும் அன்று ஒரு முறைக்கென்று நட்டதுதான். பிடுங்கத்தான் எவருக்கும் மனம் வரவில்லை.

மறுக்கவும் வழியில்லை, மனமொப்பிச் செய்யவும் வழியில்லை என்ற நிலையில் சில நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீலியாத்தாளுக்கும் வேம்பங்கோனுக்கும் நடுவில் நான் யாரைத் தெரிந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். நீலியாத்தாளை. ஆண்டு முழுதும் வயல் காய்வது, ஒரு குடத்திருநாளில் தோற்பதைவிடப் பெரிய துன்பம் என்று முடிவு செய்தேன். இத்தீர்ப்பு சரியென்று நான் ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன். வேம்பங்கோன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் என்னால் முடியாது.

ஆகவே, தங்கள் படத்தில் உள்ளபடியே எல்லையை வளைத்தேன். வளைத்த முறையைக் கீழே கட்டளையாக எழுதுகிறேன்.

தென்கரை மண்டலத்து நாடாள்வார், ஊராளிகள், கணக்கர், முரசறைவோர் அனைவரும் அறிக. புதிய எல்லையில் கல்லும் நடலாகாது, கள்ளியும் நடலாகாது. மூங்கில் முளை மட்டுமே அடிக்க வேண்டும். கல் இல்லாத எல்லை ஒரு பேரவைக்கு மேல் செல்லாது என்பது பழைய முறையாதலின், இப்பேரவை கலையும் நாளில் முளைகள் தாமே செல்லாதனவாகும். வடகரையார் தம் கற்களை அதற்கு முன்பே எடுத்தால், அச்செய்தி வந்த அன்றே முளைகளைப் பிடுங்க வேண்டும். மணற்குடியில் நம்மவர் நட்ட பழைய கல்லை இவ்வோலை வரும்போதே எடுத்திருப்பார்கள். அதை எடுக்க வடகரையாரைக் கேட்க வேண்டியதில்லை.

முரசறைவோர், ஆட்சி வசதிக்காக எல்லை மாறியது என்று பொய் கூறலாகாது. எதிரணி வளைத்ததால் நாமும் வளைத்தோம், இது நேரான எல்லை அன்று என்றே ஒவ்வொரு ஊரிலும் அறைய வேண்டும். அவ்வாறு அறைந்து, இவ்வளைவு வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்கு ஓர் ஓலையாகக் குடத்தில் இடச் செய்தேன். வேண்டும் என்றே மிகுந்தது. ஆலங்காலில் ஒருவரும் வேண்டும் என்று இடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி எழுதுவதே இவ்வோலையின் கடினமான பகுதி. இவ்வெல்லையை எண்ணியவர், வரைந்தவர், நடத்தியவர் எவரும் இவ்வெல்லைக்குள் குடத்துக்கு நிற்கலாகாது என்று ஆணையிட்டுள்ளேன். நடத்தியவள் நான். என் பெயரை நீக்கிவிட்டேன். குடத்திருநாள் முடிந்ததும் மண்டலத்தையும் ஒப்படைப்பேன். எண்ணியவரும் வரைவித்தவரும் தாங்கள். இவ்வெல்லைக்குட்பட்டுத் தாங்கள் நிற்கும் கொற்றங்குடி வட்டகையில் தங்கள் பெயரிட்டு விழும் ஓலைகள் எண்ணப்படமாட்டா.

பேரவைத் தலைவர் இருக்கைக்காகத் தாங்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்னையார் இதைக் கேட்டால் என்னுடன் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இவ்வரிகளை எழுதும்போது அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும், கடைமடைக்காகவே வளைத்தோம் என்று நீலியாத்தாளிடமும் வேம்பங்கோனிடமும் நான் சொல்லிவிட்டேன். நம்மில் ஒருவர் அவ்வளைவின் வழியே இருக்கை ஏறினால் அச்சொல் பொய்யாகிவிடும்.

தங்களுக்கு வேறு வழியே இல்லாமல் அடைத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தங்கள் கைக்கும் இவ்வாணையில் ஓர் உரிமை வைத்துள்ளேன். ஆலங்காலுக்குத் தாங்களே எழுந்தருளி, ஊரார் காண அம்முளைகளைப் பிடுங்கினால், அன்றே மண்டலம் முழுதும் பழைய எல்லை உயிர்பெறும். தங்கள் பெயரும் குடத்துக்குத் தகுதி பெறும். முளைகள் நின்றால் சங்கேந்தலார் நடவுக்கு நாற்றங்கால் போடலாம். ஆனால் நம் இருவருக்கும் அவையில் இடமில்லை. எதுவாயினும் தங்கள் விருப்பம்.

இவை அல்லியங்கோதை எழுத்து. நண்டு முத்திரை இட்டு, மஞ்சள் நூல் சுற்றி, படம் வரைந்த பட்டுத்துணியையும் உடன் அனுப்பினேன். தங்கள் வருகை குறித்து ஆலங்கால் ஊராளிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தாங்கள் வரும் நாளைத் தெரிவித்து மறுவோலை விடுக. வாராவிடில், வரவில்லை என்று ஒரு வரி தங்கள் கையால் எழுதி அனுப்புக.