மூன்றாவது புடைப்பு

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நான் நல்ல சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சுகமில்லாவிட்டாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். முடிந்துவிட்டதடா! நேற்றுப் பிற்பகல் இரண்டு தரப்பும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கும் முன் உங்கள் அதிகாரி பிரித்துப் படிப்பார். படிக்கட்டும், அவருக்கும் என் வணக்கம். இதில் உள்ளது எல்லாம் உடன்படிக்கையிலும் பத்திரிகைகளிலும் வந்த விஷயம்தான். என் மானம் போனது மட்டும் இன்னும் அச்சில் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவோடு போனில் பேசினேன். பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாளாம். பிறந்த எட்டு மாதத்தில் நீ அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய் என்று உன் மனைவி குறைப்பட்டாளாம். தயார்நிலை என்றால் என்ன, ஏன் லீவே கிடையாது என்று அம்மா கேட்டாள். கட்டளை வந்த சில நிமிடங்களில் ஏவுகணையை ஏவும்படி எப்போதும் ஆள் உட்கார்ந்திருப்பதுதான் தயார்நிலை என்றேன். செய்தியில் சொல்கிறார்களே, ஏவுகணையில் பொருத்திய குண்டு, இருப்பில் உள்ள குண்டு, அது என்ன வித்தியாசம் என்று விடாமல் கேட்டாள். அடுப்போடு மாட்டிய சிலிண்டர் பொருத்தியது, வெளியே ஷெட்டில் வைத்த சிலிண்டர் இருப்பு என்றேன். “அப்போ வீட்டுல இருக்கிற கேஸ் குறையவே இல்லையேடி”ன்னு ஒரே போடாகப் போட்டாள். சோதனைக் குழுவின் ஐந்து மாதப் பயிற்சியில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. குறையவில்லைதான், ஆனால் மாட்டிப் பற்றவைக்க நேரமாகும், அந்த நேரத்தில் நாலு பேர் பேசித் தீர்க்கலாம் என்று சமாளித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் நாட்டு ஏவுகணைகளை நாங்கள் நேரில் போய்ப் பார்க்கும் சோதனை, ஒன்பது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் நடந்தது. இரு தரப்பிலும் சந்தேகம் பாக்கியில்லாமல் ஒரு சோதனை முடிந்தால், நீ காவலிருக்கும் வகை ஏவுகணைகளிலிருந்து அணுகுண்டுத் தலைகளைக் கழற்றி இருப்பில் வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். உன் லீவு, பாப்பா உன் முகத்தை அடையாளம் கண்டுகொள்வது எல்லாம் என் கருவியின் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. சோதனை முடியும்வரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்னைக் குழுவிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்த ஏவுகணையில் இரண்டு தலைகள் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முனையைத் துணி போட்டு மூடித்தான் காட்டுவார்கள், உள்ளே இருப்பதைப் பார்க்க நமக்கு உரிமையில்லை, துணிக்கு மேல் தெரியும் புடைப்பை எண்ணத்தான் உரிமை. எண்ணினேன். மூன்று. மூன்றாவது, எடை சரிக்கட்ட வைத்த வெறும் இரும்பு என்றார்கள். வாய்ப்பேச்சு எடுபடாது, கருவி சொல்ல வேண்டும், அதற்குப் பெயர்தான் சரிபார்ப்பு. அந்தப் பொருளை மட்டும் கழற்றி, மூடியபடியே பக்கத்து அறைக்குக் கொண்டுவந்தார்கள். காலையில் வெறும் அறையில் எடுத்த கதிர்வீச்சு அளவு நான்கு. இப்போது முப்பத்தொன்று! குழுத் தலைவர் மறுபடி எடுக்கச் சொன்னார். முப்பது.

எதிர்த்தரப்பில் எங்களுக்குத் துணையாக வரும் பெண் அதிகாரிக்கு நான் வைத்த பெயர் புருவம். பேசமாட்டாள், புருவத்தை உயர்த்தினால் சிப்பாய்கள் ஓடுவார்கள். அவள் இரண்டு புருவமும் நெற்றிக்கு ஏறிவிட்டன. எங்கள் தலைவர் ‘சந்தேகத்துக்குரியது’ என்ற படிவத்தை எடுத்துவிட்டார். அதை நிரப்பினால் எல்லாம் போச்சு. ஏமாற்றிவிட்டார்களே, பாவிகள் என்று அவர்களை மனதுக்குள் வைதேன்.

மூன்றாம் முறை எடுக்கலாம் என்று கம்பியைச் சரிசெய்யக் குனிந்தேன். கருவி நிற்கும் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில், துடைக்கும் துணிக்கு அடியில், ஒரு மஞ்சள் பெட்டி. காலையில் வெறும் அறையை அளந்த பிறகு, கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க நானே எடுத்துவந்த கதிர்வீச்சுத் துண்டு உள்ளே இருக்கும் பெட்டி! பார்த்து முடித்ததும் அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். பரபரப்பில் துணியைப் போட்டு மூடிவிட்டு மறந்திருக்கிறேன். முப்பத்தொன்று அவர்களுடையது இல்லை, என்னுடையது.

உன்னிடம் மறைப்பானேன். காலால் வண்டியைத் தள்ளிவிட்டு, கருவி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எழுதிய இரண்டு எண்களும் அறிக்கையில் நிற்கும். அடுத்த மாதம் பதில் சோதனைக்கு அவர்கள் உங்கள் தளத்துக்கு வரும்போது அந்தச் சந்தேகமும் கூடவே வரும். நிமிர்ந்தேன். “தப்பு என்னோடதுங்க. பெட்டியை இங்கேயே வெச்சுட்டேன்” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் காது சிவந்துவிட்டது. தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

விதி என்னவென்றால் நம் கேமராவைக் கொண்டுபோகக் கூடாது, அவர்கள்தான் உடனே படம் வரும் கேமராவில் எடுத்துத் தருவார்கள். மஞ்சள் பெட்டியையும், அதைச் சுட்டிக்காட்டும் என் விரலையும் இரண்டு பிரதி எடுத்தார்கள். இரண்டு பிரதியிலும் இரு தரப்பும் கையெழுத்து. என் மடத்தனத்துக்கு இரண்டு அரசாங்கங்கள் சாட்சி! பிறகு பெட்டியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி எடுத்தேன். நான்கு. இன்னொரு தடவை. நான்கு. வெறும் இரும்பேதான்.

புருவம் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “நீ சொல்லலேன்னா நாங்க வருஷக்கணக்கா பொய்க்காரங்களா இருந்திருப்போம்” என்றாள். அப்புறம் சிரித்தாள், நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பிடும்போது வாயைக் கிளறினேன். அணுகுண்டை முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று அவர்கள் நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது, நம் நாடு கொடுக்கவில்லை. அந்த வாக்கை நம்பலாமா என்று கேட்டேன். அதை அளக்க உன்னிடம் கருவி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். அடுத்த மாதம் உங்கள் தளத்துக்கு வரும் குழுவில் அவளும் இருப்பாள். மரியாதையாக நடந்துகொள்.

இப்போது காலை பத்து மணி. அவர்கள் ஊர் விடுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே தையற்கடை. அந்தத் தையற்காரர் என் கோட்டுப் பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். மற்ற பொத்தான்களையும் இழுத்துப் பார்த்து இறுக்கித் தைத்தார். மாடியில் ஒரு பெண் தினமும் குழந்தைக்குத் தலை துவட்டுகிறாள். பள்ளிக்கூட பஸ் தினமும் தாமதம்.

நீ அடித்தால் நானும் அடிப்பேன், அதனால் யாரும் அடிக்க வேண்டாம் என்பதற்குத் தடுப்புக் கொள்கை என்று பெயர். அதற்காகத்தான் நீ பூமிக்கடியில் ஏவும் சாவியோடு உட்கார்ந்திருக்கிறாய். உன் ஏவுகணை எந்த ஊரைக் குறிவைத்திருக்கிறது என்று உனக்கே சொல்லமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. கடந்த பதினோரு நாளும் நீ அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் இந்த ஜன்னலோரத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

நாளை விமானம். தலைகளைக் கழற்றி முடிக்க இன்னும் மூன்று மாதமாகும். அதுவரை நீ தினமும் இறங்கித்தான் ஆக வேண்டும். நோய்நொடியில்லாமல் இரு, நேரத்துக்குச் சாப்பிடு, பாப்பாவைத் தூக்க சீக்கிரம் வா. நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும், தம்பி, அக்கா இந்த ஊரிலேயே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா