பார்க்காமலே சொன்ன கோன் கேஸ்

என்னைத் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் வரை சைக்கிளில் ஏற்றிப்போன என் அண்ணனுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு, வாழை இலையில் சாப்பாடு போட்டோம். சின்னம்மா இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டு, "ஹோப்லெஸ்தான், ஆனா மனசு தங்கம்லா" என்றார். அந்த வரிசையே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

ஹோப்லெஸ், யூஸ்லெஸ், இனித் தேறவே மாட்டான் என்பதற்குக் கோன் கேஸ். நம் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் ஒழுங்காக வராது. இந்த மூன்று மட்டும் எல்லார் வாயிலும் சுத்தமாக வரும். அம்மா இருந்தவரை உன்னைத் தமிழில்தான் திட்டினாள். "நீயெல்லாம் எங்கடா உருப்படப் போறே" என்று கத்திவிட்டு, அடுத்த நிமிடமே உன் தட்டில் சோற்றைப் போடுவாள். அவளுக்குப் பிறகு நாங்கள் இங்கிலீஷில் ஒரு வார்த்தையைத் துப்பிவிட்டு எழுந்து போனோம். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் சோறு வராது, இல்லையா அண்ணே?

என் பிழைப்பும் அப்படிப்பட்ட வார்த்தையில்தான் ஓடுகிறது. விபத்தில் நசுங்கிய காரைப் பார்த்து, இது தேறுமா தேறாதா என்று இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுப்பவள் நான். தேறாது என்றால் டோட்டல் லாஸ். ஆனால் படத்தை மட்டும் பார்த்து அதை எழுதக் கூடாது. பட்டறைக்குப் போய், பானெட்டைத் திறந்து, அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. இருபது வருடத்தில் ஒரு காருக்குக்கூட நான் அதை மீறியதில்லை.

உனக்கு மீறினேன். பாலிக் புலாவ் குடிமீட்புக் காப்பகத்திலிருந்து, அதை நடத்தும் பத்மா அக்கா கூப்பிட்டபோது ஒரு பட்டறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். "எட்டு மாசமா தொடலம்மா. நல்லா இருக்காரு. ஒரு தடவ வந்து பாருங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றார். இப்படி மூன்று முறை நீ நல்லாகி வந்ததும், மூன்று முறையும் மார்க்கெட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் கிடந்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கடைசியாகத் தூக்கிவந்த நாளின் வாந்தி நாற்றம் என் கார் சீட்டை விட்டுப் போக மாதக்கணக்காயிற்று. "வேணாங்கக்கா. அவரு கோன் கேஸ்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலிக் புலாவ் என்ன வெளிநாடா? முக்கால் மணி நேரம்.

மூன்று மாதத்தில், பழைய குடி அரித்து வைத்திருந்த கல்லீரல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் உன் பொருள்களை வாங்கப் போனேன். பத்மா அக்காவுக்குக் காது மந்தம் என்பதே அங்கேதான் தெரிந்தது. "எப்பவும் ஸ்பீக்கர்லதாம்மா பேசுவேன். அன்னிக்கு ஒங்க அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. வீட்டுக்குப் போலாம்னு சட்டையெல்லாம் மடிச்சுப் பைக்குள்ள வச்சிருந்தாரு, பாவம்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. 'என் தங்கச்சி வேலையே அதுதாங்க்கா. பாத்துட்டுத்தான் சொல்லுவா, தப்பா சொல்ல மாட்டா'ன்னாரு. அப்புறம் சட்டைய எடுத்து மறுபடி அலமாரியில வச்சிட்டாரு."

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? ஏன் எனக்குப் பரிந்து பேசினாய்? அன்றிலிருந்து என் வாயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது டோட்டல் லாஸ் என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நேற்று சிம்பாங் அம்பாட்டிலிருந்து உன் மகள் கூப்பிட்டாள். "அத்தை, அப்பா கடைசி வரைக்கும் குடிச்சாரா?" அவள் உன்னைப் பார்க்க வராமல் இருந்ததற்கும் நான்தான் காரணம். உங்கப்பா கோன் கேஸ், போகாதே என்று அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன். "நேர்ல பேசுறேம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாலிக் புலாவுக்குக் கூட்டிப்போகிறேன். அந்த அலமாரியின் முன்னால் நிறுத்தி, அவள் அப்பா பதினொரு மாதம் குடிக்காமல் இருந்தார் என்பதையும், வீட்டுக்கு வரவிடாமல் செய்தது நான் என்பதையும் என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம். அதன் பிறகு அவள் எனக்கு எந்தப் பெயர் வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவளாவது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

தப்பாகச் சொன்ன
உன் தங்கச்சி