ஒட்டு பிடித்த பிறகு

தம்பி,

இன்று காலை, என்னிடமே தங்கிவிட்ட உன் ஆஸ்பத்திரிக் காகிதப் பையில் ஒரு மாத்திரை அட்டை அகப்பட்டது. தாளைக் கிழித்ததும் அதே வாடை. “மரநாய்கூட இத திங்காது” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவாய்.

சுனாமிக்கு அடுத்த வருடம் என் இடது கிட்னியை உனக்கு வைத்தார்கள். அருமனையில் நாம் இருவரும் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பிழைத்தவர்கள். கன்றின் பட்டையில் நல்ல மரத்து மொட்டைப் பதித்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி, மூன்று வாரம் கழித்துச் சுரண்டிப் பார்ப்போம். பச்சை தெரிந்தால் நாடாவை அவிழ்த்துவிடுவோம். அதற்குமேல் அந்த மரத்துக்குத் தன்னது, பிறத்தியாரது என்ற பேதமில்லை.

இரண்டு வருடம் கழித்து நீ வந்து, மாத்திரையால் கை நடுங்குகிறது, ஒட்டுக்கத்தி பிடிக்க முடியவில்லை என்றாய். நான் யோசிக்கவே இல்லை.

“ஒட்டு பிடிச்ச பொறவு கட்டு எதுக்குலே? ஒரு வயித்துல பொறந்தவன் கிட்னி உன்ன விட்டு எங்க போவும்?”

மாத்திரையை நிறுத்திவிட்டாய். இரண்டே மாதத்தில் முகம் வீங்கியது. யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் அதட்டினார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. “நானாட்டுதான் நிறுத்துனேன் சார்” என்றாய். ஒரு வருடம் டயாலிசிஸில் கிடந்து போய்ச் சேர்ந்தாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று, கிழவன் கிட்னி, அதுதான் தாங்கவில்லை என்றான் உன் மைத்துனன். உன் மனைவி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வருடம் அவள் வாசலை நான் மிதிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில மருத்துவப் புத்தகத்தைப் படித்ததும் அந்தக் கோபத்தில்தான். என் கிட்னிமேல் குற்றமில்லை என்று காட்ட வேண்டும்.

காட்டிவிட்டேன், எனக்கு நானே. ரத்தத்தில் காவலுக்கு அலைகிற டி செல்கள் பல வகை. உதவி செல்கள் அந்நியச் சதையின் அடையாளத்தைக் கண்டு குரல் கொடுக்கும். அந்தக் குரலில் கொல்லும் செல்கள் பெருகிச் சதைக்குள் இறங்கும். போதும் என்று அடக்குகிற செல்களும் உண்டு. ஆனால் கிளம்பிவிட்ட கூட்டத்தை அவை மட்டுமாகத் தடுப்பது கடினம். மாத்திரை அந்த முதல் குரலை அமுக்கிவைக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்தாலும் அடையாளம் வேறாக இருக்கலாம். எத்தனை வருடமானாலும் அந்தச் செல்களுக்கு அது பழகிப் போகாது. மரத்துக்குள் இப்படி அலைகிற காவல் இல்லை.

கிட்னி நல்லதுதான். கெட்டது என் வாய்.

மத்தியானம் உன் மனைவியிடம் போய், நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

“தெரியும் அத்தான். அவிய எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ. கிட்னிய குத்தம் சொன்னா சொல்லிட்டுப் போட்டும், அண்ணன ஒருத்தரும் சொல்லப்பிடாதுன்னு.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். உட்கார்ந்தேன். அந்த ஆறு வருடக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், தம்பி. அதில் இப்போது அவள் பெயர் இல்லை.